தொட்டுப் பார்: பார்வைக் குறையுடைய மாணவர்க்குத் தமிழ் கற்பித்தல்



பார்வைக் குறையுடைய மாணவர்க்குத் தமிழ் எழுத்தை எவ்வாறு கற்பிப்பது என்பது இவ்வுரையின் பொருள். இதனைக் கம்போங் மேடானில் பேச வேண்டும் என்று நாம் விரும்பியதற்குக் காரணம் உண்டு. இப்பகுதியின் அடுக்குமாடி வீடுகளில் தோட்டப்புறத்திலிருந்து பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அத்தகைய ஒரு குடும்பத்தில் பார்வைக் குறையோடு ஒரு குழந்தை பிறந்தால், பெற்றோர் முதலில் நாடுவது மருத்துவரை. அடுத்து நாடுவது அருகிலுள்ள பள்ளியை. அப்பள்ளியில் முதலில் எதிர்ப்படுபவர் சிறப்புக் கல்வி வல்லுநராக இருப்பது அரிது. பெரும்பாலும் உங்களைப் போன்ற வகுப்பாசிரியரே அங்கு நிற்பார். அவர் அன்று சொல்லும் சொல் அக்குழந்தைக்குத் தமிழ் எழுத்து வாய்க்குமா, வாய்க்காதா என்பதை முடிவு செய்துவிடக் கூடும்.

நாம் செய்த பிழை

முதலில் எம் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு ஆசிரியர் ஒருவர் எம்மிடம் வந்தார். அவர் வகுப்பில் முற்றிலும் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருந்தாள். மலாய்மொழியையும் ஆங்கிலத்தையும் பிரெய்ல் முறையில் படித்து வந்தாள். "தமிழுக்கும் தனியே பிரெய்ல் கற்பிக்க வேண்டுமா? அல்லது ஒலிப்பதிவே போதுமா?" என்று அவர் கேட்டார். மொழி என்பது முதலில் பேச்சே, எழுத்து அதன் நிழல் என்று மொழியியல் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிப் பழகியிருந்த நாம், "கேட்டுக் கற்கட்டும், போதும்" என்றோம்.

அம்மாணவி வளர்ந்து வேலைக்குச் சென்றபின் ஒரு நிகழ்ச்சியில் எம்மைச் சந்தித்தார். செய்யுள்களை மனப்பாடமாகச் சொன்னார். அழகிய தமிழில் உரையாடினார். பின்னர், "ஐயா, திரையைப் படித்துக் காட்டும் கைப்பேசி வந்தபின் நானும் சொந்தக்காரர்களுக்குத் தமிழில் செய்தி எழுதத் தொடங்கினேன். எந்த ல, எந்த ள, எந்த ன என்று தெரியாமல் எழுதியதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அதிலிருந்து மலாயில்தான் எழுதுகிறேன்" என்றார். குறை கூறும் தொனி அவர் குரலில் இல்லை. ஆயினும் அன்று நாம் கொடுத்த விடை தவறானது என்பது எமக்கு விளங்கிற்று. பேச்சு முதன்மையானது என்பது மொழியியல் உண்மை. அதனால் எழுத்து வேண்டாம் என்பது அவ்வுண்மையிலிருந்து பிறக்கும் முடிபன்று. கேட்டு மட்டுமே கற்றவர் மொழியைப் பெறுவார், எழுத்தறிவைப் பெறார்.

1951ஆம் ஆண்டு

லூயி பிரெய்ல் 1809இல் பிரான்சு நாட்டில் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் நேர்ந்த காயத்தால் பார்வையை இழந்தவர். தம் பதினைந்தாம் அகவையிலேயே ஆறு புள்ளி எழுத்து முறையை வகுத்து, 1829இல் அதனை நூலாக வெளியிட்டார். இரு நிரல், நிரலுக்கு மூன்று புள்ளி. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. இவற்றை வெவ்வேறாகச் சேர்த்தால் 63 குறிகள் கிடைக்கும். ஒரு கட்டம் விரல் நுனிக்குள் அடங்கிவிடும்.

தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்குப் பள்ளி தோன்றிவிட்டது. ஆனால் இந்திய மொழிகளுக்கு அக்காலத்தில் பல்வேறு பிரெய்ல் முறைகள் வழங்கின. ஓரிடத்தில் கற்றவர் மற்றோரிடத்து நூலைப் படிக்க இயலாத நிலை இருந்தது. யுனெஸ்கோவின் முயற்சியால் பல நாட்டு அறிஞர் கூடி ஆராய்ந்தபின், 1951இல் பாரதி பிரெய்ல் என்னும் பொதுமுறை உருவாயிற்று. ஒத்த ஒலிக்கு எம்மொழியிலும் ஒத்த புள்ளிகள் என்பது அதன் அடிப்படை. இன்று நாம் தமிழ் பிரெய்ல் என்று வழங்குவது அதன் தமிழ் வடிவமே.

அதே 1951இல்தான் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் அமைந்துள்ள அதன் தலைமையகம், அவ்வட்டாரத்தையே பார்வையற்றோர் வாழ்வோடு பிணைத்துவிட்டது. அங்குள்ள நடைபாதைகளில் பதித்த புடைப்புக் கற்களையும், வெண்கோலுடன் நடப்போரையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அதற்கு முன்பே 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர்ப் பினாங்கிற்கு மாறிய செயின்ட் நிக்கோலஸ் இல்லமும், 1948இல் ஜொகூர் பாருவில் தோன்றிய பிரின்சஸ் எலிசபெத் பள்ளியும் இந்நாட்டில் இக்கல்விக்கு வித்திட்டவை. ஆறு விசைகளைக் கொண்ட பெர்கின்ஸ் தட்டச்சுப் பொறியும் 1951இல் வெளிவந்ததே.

தமிழ் எழுத்து புள்ளியில் அமையும் முறை

பிரெய்ல் என்றவுடன் பல ஆசிரியர் அஞ்சுகின்றனர். 247 எழுத்துகளையும் புள்ளிகளாக மனத்தில் இருத்த வேண்டுமோ என்பது அவர்தம் அச்சம். உண்மை நேர்மாறானது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மெய்யைக் காட்டும் புள்ளிக்குறி 1 என 32 குறிகளே போதும். உயிர்மெய்க்கெனத் தனி வடிவம் கிடையாது. அகரமேறிய மெய்க்கு ஒரு குறி. பிற உயிர் ஏறினால் அதனையடுத்து அவ்வுயிரின் குறியையே இடுகிறோம். 'கா' என்பது க, ஆ என்னும் இரு கட்டங்கள்.

அச்செழுத்தில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது; ஒலியிலோ ககர மெய்யே முன்னது. 'கொ' என்று எழுதும்போது உயிரின் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. பிரெய்லில் இத்தடுமாற்றம் இல்லை. 'கொடு' என்பதைக் க, ஒ, ட, உ என நான்கு கட்டங்களில் ஒலி முறைப்படியே எழுதுகிறோம். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்ற தொல்காப்பியக் கருத்தை, அச்சுத் தமிழைவிடப் பிரெய்ல் தமிழே நேராகக் காட்டுகிறது. உயிர்மெய்ப் பகுப்பைப் புணர்ச்சி இலக்கணத்தில் விளக்கும்போது உங்கள் வகுப்பின் பார்வையற்ற மாணவரே பிறர்க்கு முன்னால் புரிந்துகொள்வார். அவர் விரல் நாள்தோறும் அதனைத்தான் படிக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியை அச்சில் எழுத்தின் மேல் இடுகிறோம். பிரெய்லில் அது தனிக் கட்டமாகி, 4ஆம் புள்ளியாக, மெய்க்கு முன்னே வரும். 'அம்மா' என்பது அ, புள்ளி, ம, ம, ஆ என ஐந்து கட்டம். 'பள்ளி' என்பது ப, புள்ளி, ள, ள, இ. வரவிருக்கும் எழுத்து உயிரின்றி நிற்கும் என்று புள்ளி முன்கூட்டியே அறிவிக்கிறது. புதிதாகக் கற்கும் ஆசிரியர்க்கு இது பழகச் சில நாள் ஆகும், குழந்தைக்கு ஆகாது.

மலேசிய மாணவர்க்கு மற்றொரு நன்மையும் உண்டு. மலாய் பிரெய்லில் கே, எல், எம், பி, ஆர், டி ஆகிய எழுத்துகளுக்கு உரிய புள்ளிகளே தமிழில் முறையே க, ல, ம, ப, ர, த ஆகின்றன. மலாய்ச் சொற்களில் 'சி' என்னும் உரோமன் எழுத்து சகர ஒலி தருவதை அறிவீர்கள். அதன் புள்ளிகள் 1, 4. தமிழ்ச் சகரமும் 1, 4 தான். மலாய் பிரெய்ல் அறிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழப் பாதி முன்பே தெரியும். "மூன்றாவது மொழி சுமையாகிவிடும்" என்று தயங்கும் பெற்றோரிடம் இதனை எடுத்துச் சொல்லுங்கள்.

விரலுக்கு மயக்கம் தரும் இணைகள்

கண்ணுக்கு மயக்கம் தரும் எழுத்துகள் வேறு. விரலுக்கு மயக்கம் தருபவை வேறு. தமிழ் பிரெய்லில் ஒன்றையொன்று கண்ணாடியில் கண்டாற்போல இடவலம் மாறி நிற்கும் இணைகள் பல உள்ளன. லகரம் 1, 2, 3. ளகரம் 4, 5, 6. ழகரம் 1, 2, 3, 5, 6. டகரம் 2, 3, 4, 5, 6. வகரம் 1, 2, 3, 6. ணகரம் 3, 4, 5, 6. இகரம் 2, 4. ஏகாரம் 1, 5. ஈகாரம் 3, 5. எகரம் 2, 6. ஓகாரம் 1, 3, 5. ஔகாரம் 2, 4, 6.

இவற்றுள் ல, ள இணை நமக்குப் பெருந்தொல்லை தருவது. பேச்சில் இவ்விரண்டையும் மயக்குவோர் பலர். இங்கோ வடிவிலும் அவை எதிரெதிர் நிழல்கள். இரண்டும் மூன்று புள்ளியாலாகிய நேர்கோடுகளே. கட்டத்தின் எப்பக்கம் நிற்கிறது என்பதொன்றே வேறுபாடு. செவியும் உதவாமல் விரலும் உதவாமல் போகும்போது பிள்ளை ஊகிக்கத் தொடங்குகிறது. எழுத்துப் பிழை என்று நாம் சிவப்பு மையால் சுழிப்பதன் வேர் பல வேளைகளில் இங்கே இருக்கிறது.

இதற்கு நாம் கண்ட வழிகள் சில:

முதலாவது, எழுத்துகளை நெடுங்கணக்கு முறையில் கற்பிக்க வேண்டியதில்லை. அ, ஆ, க, ப, ம, ல, புள்ளி ஆகிய ஏழு குறிகளோடு தொடங்கலாம். இவ்வேழைக் கொண்டே அம்மா, அப்பா, மாமா, பால், கால், கல், பகல், கப்பல் என்னும் சொற்களைப் படித்துவிடலாம். முதல் வாரத்திலேயே பிள்ளை சொல்லைப் படித்துவிட்டால், எழுத்து தனக்குரியது என்ற நம்பிக்கை பிறக்கும்.

இரண்டாவது, எதிர்நிழல் இணைகளை ஒரே வாரத்தில் கற்பிக்காதீர்கள். லகரம் விரலில் நன்றாக ஊன்றியபின் சில வாரம் கழித்து ளகரம். டகரம் நிலைபெற்றபின் ழகரம். வகரத்திற்குப் பின் ணகரம். இரண்டும் தனித்தனியே உறுதியானபின் வலி, வளி, வழி எனச் சேர்த்துப் படிக்கச் செய்யலாம்.

மூன்றாவது, தனி எழுத்தைக் காட்டும்போது அதற்கு முன் ஆறு புள்ளியும் நிறைந்த ஒரு கட்டத்தை இடுங்கள். அக்கட்டத்தை ஒட்டி நிற்கும் கோடு லகரம். இடைவெளி விட்டு நிற்கும் கோடு ளகரம். பக்கத்தை அளக்க விரலுக்கு ஓர் எல்லைக்கல் கிடைத்துவிடும்.

நான்காவது, இடம், வலம் என்று சொல்லாமல் முதற்பக்கம், இரண்டாம் பக்கம் என்று சொல்லுங்கள். பிரெய்ல் சட்டத்தில் தாளைச் செருகி எழுத்தாணியால் குத்தும்போது பின்புறமாகக் குத்துகிறோம். ஆதலின் வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். படிக்கும்போது இடப்பக்கம் முதலாவது. எழுதும்போது வலப்பக்கம் முதலாவது. 'முதற்பக்கம்' என்ற சொல் இரண்டிற்கும் பொருந்தும். பெர்கின்ஸ் பொறி இருப்பின் தொடக்கத்தில் அதுவே எளிது. அதில் இடக்கையின் மூன்று விரலும் அழுந்தினால் லகரம், வலக்கையின் மூன்று விரலும் அழுந்தினால் ளகரம்.

ஐந்தாவது, ஒலிப்பைக் கையால் காட்டுங்கள். பார்வையுள்ள பிள்ளை ஆசிரியர் வாயைப் பார்த்து ஓரளவு கற்கிறது; பார்வையற்ற பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. பிள்ளையின் ஒரு கையை மேலண்ணம் போலக் குவிக்கச் செய்து, மற்றக் கையை நாவாகக் கொள்ளச் செய்யுங்கள். விரல் நுனி முன்பகுதியைத் தொட்டால் லகரம்; பின்னோக்கி வளைந்து மேலே தொட்டால் ளகரம்; வளைந்தும் தொடாமல் நின்றால் ழகரம். இப்பயிற்சியை வகுப்பு முழுவதற்கும் கொடுத்துப் பாருங்கள். 'வாளப்பளம்' என்று சொல்லும் பிள்ளைகள் எல்லாருக்கும் அது பயன்படும்.

புள்ளிகளைத் தொடும் முன்பே விரலைப் பழக்க வேண்டும். அதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டா. ஆறு முட்டை வைக்கும் அட்டைப் பெட்டியை நிமிர்த்தி வைத்தால் அதுவே பிரெய்ல் கட்டம். அதன் குழிகளில் ரப்பர் விதையையோ புளியங்கொட்டையையோ இட்டு எழுத்தை அமைக்கலாம். பல்லாங்குழி ஆடிய வீட்டுப் பிள்ளைக்குக் குழியும் எண்ணிக்கையும் முன்பே பழக்கம்.

வகுப்பறையில் சுட்டுச் சொற்கள்

"இதைப் பாருங்கள், அதோடு இதைச் சேர்த்தால் இப்படி வரும்." வெண்பலகையின் முன் நின்று நாம் ஒரு நாளில் எத்தனை முறை இவ்வாறு சொல்கிறோம்? தமிழில் அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள். சுட்டு என்பது விரலோடும் கண்ணோடும் சேர்ந்தே பொருள் தருவது. விரல் காட்டும் திசையைக் காணாதவர்க்கு 'இது' என்பது பொருளற்ற ஒலியாகிவிடும். ஆகவே சுட்டுச் சொல்லின் இடத்தில் பெயர்ச்சொல்லை வையுங்கள். "'மரம்' என்னும் மகர ஈற்றுச் சொல்லோடு 'வேர்' என்னும் சொல்லைச் சேர்த்தால், மகரம் கெட்டு 'மரவேர்' என வரும்" என்று சொல்லிக்கொண்டே எழுதுங்கள். பார்வையுள்ள பிள்ளைக்கும் விளக்கம் தெளிவாகும்.

பொருளின் இருப்பிடத்தைச் சொல்ல, "உன் வலக்கைப் பக்கம், மேசை ஓரத்தில்" என்று கேட்பவர் உடலை அளவாகக் கொண்டு சொல்லுங்கள். வினா எழுப்பும் முன் பெயரை அழையுங்கள். உங்கள் பார்வை தன்மேல் விழுந்ததை அப்பிள்ளை அறிய வழியில்லை. வகுப்பை விட்டு வெளியேறும்போதும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். நாற்காலி, மேசையின் இடத்தை மாற்றினால் அன்றே தெரிவியுங்கள்.

'பார்' என்னும் சொல்லைப் பார்வையற்றவர் முன் சொல்லலாமா என்று சிலர் கூசுவர். கூச்சம் வேண்டா. தொட்டுப் பார், கேட்டுப் பார், சுவைத்துப் பார், எழுதிப் பார் என்று நம் மொழியே அச்சொல்லைக் கண்ணுக்கு மட்டும் உரியதாக வைக்கவில்லை. பார்வையற்றோரும் "நேற்றுத்தான் அவரைப் பார்த்தேன்" என்றே இயல்பாகப் பேசுகின்றனர்.

தொடுதலே முதலறிவு

உயிர்களை அறிவால் பகுத்த தொல்காப்பியர் முதலாவதாக வைத்தது தொட்டறிதலை. அதன்பின் சுவை, மூக்கு, நான்காவதாகத்தான் கண். ஐந்தாவது செவி, ஆறாவது மனம். பாடப்பொருளை விளக்கும்போதும் தொடுதலில் தொடங்குவது நலம். பார்வையற்ற பிள்ளை 'தென்னை' என்ற சொல்லைப் பத்துக் கட்டுரையில் எழுதலாம். ஆனால் மரத்தின் அடியைக் கட்டிப் பிடிக்காமல், கீற்றை விரலால் உருவாமல், குரும்பையைக் கையில் ஏந்தாமல் எழுதினால் அது பிறர் சொல்லைத் திருப்பிச் சொல்வதாகும். பொருள்பாற் பெயரைக் கற்பிக்கும் நாளில் பொருளையே கொண்டுவாருங்கள். பெரியதும் எட்டாததும் ஆயின் சிறு உருவம் செய்து, உண்மை அளவையும் கூறுங்கள். நிலவு, வானவில் போன்றவற்றை மொழி வழியாகவே அறிய வேண்டியிருக்கும், அதில் இழிவில்லை. நாமும் கடலடியையும் விண்மீனையும் மொழி வழியாகத்தான் அறிந்தோம்.

குறைபார்வையுடையோர்

பார்வைக் குறையுடையோர் எல்லாரும் முற்றிலும் பார்வையற்றவர் அல்லர். பலருக்கு ஓரளவு பார்வை உண்டு. அது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவர்க்கு நடுப்பகுதி மங்கும். வேறொருவர்க்கு ஓரப்பகுதி மறையும். சிலர்க்கு வெளிச்சம் மிகுந்தால் கண் கூசும். சிலர்க்குக் குறைந்தால் ஒன்றும் தெரியாது. ஆதலின் மருத்துவச் சான்றைப் படிப்பதோடு நில்லாமல், "எங்கே அமர்ந்தால் நன்றாகத் தெரிகிறது?" என்று பிள்ளையையே கேளுங்கள். சாளரத்திற்கு எதிரே நின்று பாடம் நடத்தாதீர்கள்; பின்னொளியில் உங்கள் முகம் இருளும். எழுத்தைப் பெரிதாக்குவதோடு தடிப்பாகவும் வரி இடைவெளியுடனும் தாருங்கள். தமிழில் புள்ளி இருப்பதும் இல்லாததும் பொருளை மாற்றிவிடும். ண, ன என்பவற்றில் ஒரு சுழியே வேறுபாடு. சிறிய எழுத்தில் இவையே முதலில் மறைகின்றன. நோய் வளரும் தன்மையுடையதாயின், பார்வை எஞ்சியிருக்கும்போதே பிரெய்லையும் தொடங்கிவிடுவது அறிவுடைமை.

கணினியும் சட்டமும்

இன்று கணினியிலும் கைப்பேசியிலும் திரையை வாசிக்கும் செயலிகள் தமிழும் படிக்கின்றன. என்விடிஏ என்னும் செயலி விலையின்றியே கிடைக்கிறது. ஆனால் நாம் கொடுக்கும் பயிற்சித்தாள் யூனிகோட் எழுத்தில் இருந்தால்தான் அது படிக்கும். பழைய எழுத்துருவில் தட்டிய தாளை உரோமன் எழுத்துகளாக உளறும். ஒளிப்படமாக எடுத்த பக்கத்தின் முன் வாய் மூடி நிற்கும். யூனிகோடில் உள்ள கோப்பைப் பிரெய்லாக மாற்றவும் மென்பொருள் உண்டு. எனவே பாடத்தாளை யூனிகோடில் தட்டுவது, சிறப்புக் கல்வி பயிலாத ஆசிரியரும் இன்றே செய்யக்கூடிய பணி. ஒலிச்செயலி பிரெய்லுக்கு மாற்று அன்று என்பதையும் மறவாதீர்கள். எம்மிடம் பேசிய அப்பெண்மணியின் கைப்பேசி அவர்க்குப் படித்துத்தான் காட்டிற்று, எழுத்தைக் கற்றுத்தரவில்லை.

நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டம் கல்வி பெறும் உரிமையைக் குறித்துப் பேசுகிறது. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டது; மலேசியா அதில் 2022இல் இணைந்தது. சட்டம் வழியைத் திறக்கும். ஆனால் தமிழ்ப் பாடநூலைக் கட்டம் கட்டமாக மாற்றித் தருவதற்கும், மாற்றியதைப் பிழை பார்ப்பதற்கும் தமிழறிந்த கைகளே வேண்டும்.

ஆசிரியர்களே, 32 குறிகளைக் கற்க உங்களுக்கு ஒரு பள்ளி விடுமுறை போதும். கண்ணால் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விரலால் படிப்பதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். அத்தேர்ச்சி இருந்தால்தான் பிள்ளை எழுதியதை நீங்களே திருத்த இயலும். பிறர் பெயர்த்துத் தரும்வரை காத்திருக்க நேராது. மாணவர்களே, உங்கள் வகுப்பில் அத்தகைய தோழர் ஒருவர் இருந்தால் அவரிடம் உங்கள் பெயரைப் பிரெய்லில் எழுதித் தரக் கேளுங்கள். கற்பிப்பவராக இருக்கும் வாய்ப்பு அவர்க்கு அரிதாகவே கிடைக்கிறது.

இனி எவரேனும் எம்மிடம் வந்து, ஒலிப்பதிவு போதுமா என்று கேட்டால், போதாது என்போம். காது கேட்கட்டும், கையும் படிக்கட்டும்.